கொடிக்குப் பின்னால் கேதீஸ்வரி

அத்தியாயம் 14

சென்ற வாரம் கேதீஸ்வரியையும் உதயரூபனையும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கவிட்டு அத்தியாயத்தை முடித்ததற்கு நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. "அந்த மனிசனை முதலில் வீட்டைவிட்டுத் துரத்துங்கள்" என்று செட்டிபாளையத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்.

எங்கே துரத்துவது? மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். தேற்றாத்தீவில் இருக்கிற அந்த வீடு கேதீஸ்வரிக்குத் தாய் கொடுத்த வீடு. உதயரூபன் ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவர். கோபித்துக்கொண்டு போவதென்றால் தங்கச்சி வீட்டு விறாந்தையில்தான் போய்ப் படுக்க வேண்டும். அங்கே மச்சான்காரனின் குறட்டைக்கு மனிசன் கண் மூட ஏலாது. அதனால் அவர் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேதீஸ்வரிக்கு நாற்பத்துநான்கு வயது, கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலை. உதயரூபன் இருபத்திரண்டு வருடமாகக் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் விதுர்ஷா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பதினொரு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை கேதீஸ்வரி மகளின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாவிக்கரை வீதியில் ஓடத் தொடங்கினாள். ஏன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை என்றால் நம்புவீர்களா?

நம் பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண் றோட்டில் ஓடினால் பஸ் போய்விட்டது என்று நினைப்பார்கள், அல்லது யானை, அல்லது செத்தவீடு. களுதாவளையில் ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளை மறித்து நிறுத்தி, ஆருக்கு என்ன என்று கேட்டு, அவள் வாய் திறப்பதற்குள் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டதை நான்காம் அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள். வயதானவரை மறுத்துப் பேச மனமில்லாமல் அவளும் போய் இறங்கினாள்.

உதயரூபனின் பாடுதான் பெரும் பாடு. பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, உங்கட மனிசி ஏன் ஓடுறா, வீட்டில ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தார்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவரைச் சுட்டது. அந்தச் சூட்டில் மூன்று வாரத்துக்கு முன் ஒரு பந்தயம் கட்டினார்.

மட்டக்களப்பு நகரில் ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீற்றர் மரதன் ஓட்டம். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் அறுபத்தைந்து நிமிடத்துக்குள் ஓடி முடிக்கிறவர்களை அடுத்த மாதம் கொழும்பில் நடக்கிற இருபத்தொரு கிலோமீற்றர் ஓட்டத்துக்கு மாவட்ட அணியில் கூட்டிப்போவார்கள். அறுபத்தைந்துக்குள் வந்தால் கொழும்புக்கென்ன, கண்டிக்கும் ஓடு, நான் வாய் திறக்கமாட்டேன் என்றார் உதயரூபன். வராவிட்டால் அன்றோடு ஓட்டத்தை விட்டுவிட வேண்டும்.

கேதீஸ்வரி "சரி" என்றாள். அவள் சரி என்றால் சரிதான். ஒருமுறை மாமியார் வீட்டில் ஏதோ மனஸ்தாபத்தில், இனி இந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்க மாட்டேன் என்று சொன்னவள். மாமியாரோடு எப்போதோ ராசியாகிவிட்டாள். ஆனாலும் பதினெட்டு வருடமாக அங்கே போனால் பச்சைத்தண்ணிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

* * *

விடிய நான்கு மணிக்கே உதயரூபன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கல்முனை டிப்போவுக்குப் போய்விட்டார். ஐந்தே கால் பஸ் அவருடையது. லீவு போட்டிருக்கலாம், போடவில்லை.

நாலரைக்கு ஊர்க்காரர் இளையதம்பியின் ஆட்டோ வந்தது. நகரம் போய்ச் சேரும் வரையில் விதுர்ஷா தாய்க்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். ஓட்டத்தில் நேரம் எழுதிய கொடியோடு சிலர் ஓடுவார்களாம். போட்டிக்காக அல்ல, மற்றவர்களுக்கு வேகம் காட்டுவதற்காக. அறுபத்தைந்து என்று எழுதிய மஞ்சள் கொடி பிடித்தவர் சரியாக அறுபத்தைந்தாவது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டுவாராம்.

கேதீஸ்வரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதல் இரண்டு கிலோமீற்றரை வேகமாக ஓடிவிட்டுப் பிறகு மூச்சு வாங்குவாள். வாவிக்கரையில் ஒரே ஒருமுறைதான் அறுபத்தைந்துக்குள் வந்திருக்கிறாள். அதுவும் பத்து செக்கன் மிச்சம். அதனால்தான் மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கொடிக்காரருக்குப் பின்னாலேயே போங்கம்மா. என்ன நடந்தாலும் அவரத் தாண்டிப் போயிராதீங்க."

"அது எனக்குப் பழகினதுதானே புள்ள," என்றாள் கேதீஸ்வரி.

எப்படிப் பழகியது என்று விதுர்ஷா கேட்கவில்லை. படித்த பிள்ளைகள் விடும் பிழை இதுதான். கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரிப் போயிருக்கும்.

கேதீஸ்வரி நான்கு வருடமாக ஆடி மாதம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவள். பதினாறு நாள் நடை. கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் வேல் ஏந்திப் போவார். வேலுக்கு முன்னால் ஒருவரும் காலடி வைக்கக் கூடாது. வேல் நின்றால் எல்லாரும் நிற்பார்கள், வேல் ஏந்தியவருக்குக் கால் வீங்கினால் அவர் இருக்கிற மரத்தடியில் எல்லாரும் இருப்பார்கள். இரண்டாம் வருடம் ஒரு துடிப்பான ஆள், வேலுக்கு முந்திக்கொண்டு தண்ணீர் தேடிப் போகிறேன் என்று போய், காட்டில் வழி தவறி அரைநாள் அழுதுகொண்டு நின்றதைக் கேதீஸ்வரி கண்ணால் கண்டவள். அவளிடம் போய், கொடிக்காரரைத் தாண்டாதே என்று சொன்னால் என்ன ஆகும்?

* * *

காந்திப் பூங்காவில் முந்நூறு பேர் இருக்கும். வாவியில் வெளிச்சம் வந்து படிகிற நேரம். சரியாக ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள்.

மஞ்சள் கொடி பிடித்தவன் சுபாகரன் என்ற நெட்டையான இளைஞன். கொடியை முதுகுப் பட்டியில் சொருகாமல் கையிலேயே நிமிர்த்திப் பிடித்திருந்தான். கேதீஸ்வரிக்கு அது பிடித்துப்போயிற்று. அவனுக்குப் பின்னால் பதினைந்து இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். முதல் இரண்டு கிலோமீற்றரும் அவள் கால்கள் அவசரப்பட்டன, அவள் விடவில்லை. கொடியைப் பார்த்து ஓடினாள். மூச்சு சீராக இருந்தது. இந்தப் பிள்ளை சொன்னது சரிதான் என்று மகளை நினைத்துக்கொண்டாள்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டி இறங்குகிற இடத்தில் சுபாகரனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

அவன் நிற்கவில்லை. நொண்டி நொண்டி ஓடினான். பின்னால் வந்தவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் விலகிப் போனார், அவரைப் பார்த்து இன்னொருவர் போனார். கல்லடிச் சந்தி வருவதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். மஞ்சள் கொடிக்குப் பின்னால் கேதீஸ்வரி மட்டும் மிச்சம்.

சுபாகரன் திரும்பிப் பார்த்து, அக்கா, நீங்க போங்க, எனக்கு ஏலாது என்றான்.

"பரவாயில்ல சாமி, மெல்லமா வாங்க. நான் பின்னால வாறன்," என்றாள் அவள்.

பாதயாத்திரையில் எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான். அவளுக்கு அது வாயில் தானாக வந்தது. இருபத்தைந்து வயதுப் பொடியன் தன்னைச் சாமி என்று ஒரு அக்கா கூப்பிட்டதும் விழித்தான். ஆனால் வலியில் அவனுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமிருக்கவில்லை.

அவளுக்குத் தெரியாதா, இது ஓட்டப் போட்டி என்று? தெரியும். நேரம் போகிறது என்பதும் தெரியும். இரண்டு தடவை வலப்பக்கம் விலகித் தாண்டப் பார்த்தாள். கொடியின் நிழல் றோட்டில் விழுகிற இடம் வரைக்கும் கால் போயிற்று, அதற்கு அங்கால் போகவில்லை. நான்கு வருடமாகப் பழகிய கால் அது.

* * *

நாவற்குடாவில்தான் ஓட்டக்காரர்கள் கிறுகித் திரும்ப வேண்டும். சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டி வாகனங்களை மறித்திருந்தார். மறிபட்ட வாகனங்களில் முதலாவதாக நின்றது கல்முனையிலிருந்து வந்த ஐந்தே கால் பஸ்.

உதயரூபன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உயரத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் நிறையச் சனம். சந்தைக்குப் பாகற்காய் மூட்டை கொண்டுவந்த அம்மா ஒருவர், ஏன் இந்தச் சனம் ஓடுது என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். நடத்துநர் பக்கீர் காத்தான்குடிக்காரர், ஏழு வருடமாக இதே பஸ். அவரிடம்கூட உதயரூபன் இன்றைய விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

எழுபது என்று எழுதிய கொடி முதலில் வந்து திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் மஞ்சள் கொடி வந்தது. அறுபத்தைந்து எழுபதுக்குப் பின்னால் வருவதைப் பார்த்து உதயரூபன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரூபண்ணே, அது நம்மட மதினி மாதிரி இரிக்கே," என்றார் பக்கீர்.

உதயரூபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்தைந்து. பாதித் தூரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். முப்பத்திரண்டரைக்கு வந்திருக்க வேண்டும். பஸ் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் விரலில் நிற்கும். மிச்ச ஐந்தையும் முப்பது நிமிடத்தில் ஓடினால்தான் உண்டு. அவளால் ஏலாது. பந்தயத்தில் தான் வென்றுவிட்டது அவருக்கு விளங்கியது.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. நாளையிலிருந்து யாரும் சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று விசாரிக்கமாட்டார்கள்.

பிறகு அவர் அவளுடைய காலைப் பார்த்தார். இழுக்க ஏலாத எஞ்சினுக்கும் பிரேக் பிடித்து வைத்திருக்கிற எஞ்சினுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்ட முடியாது. இவள் களைக்கவில்லை. இவள் மூச்சு வாங்கவில்லை. நொண்டுகிற ஒரு பொடியனுக்குப் பின்னால் பிரேக்கை அழுத்திக்கொண்டு வருகிறாள். ஏன்?

கொடிக்காரன் நின்று காலைத் தேய்த்தான். கேதீஸ்வரியும் நின்றாள். அவன் இரண்டு எட்டு வைத்தான். அவளும் இரண்டு எட்டு வைத்தாள். நின்ற இடத்தில் இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோர்த்த கையைப் பார்த்ததும் உதயரூபனுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு ஆடியும் அவளைத் தேற்றாத்தீவிலிருந்து வழியனுப்புகிறவர் அவர்தான். வேலுக்குப் பின்னால் அவள் அப்படித்தான் கையைக் கோர்த்துக்கொண்டு புறப்படுவாள்.

அவருக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். வென்றுகொண்டிருக்கிற மனிசனுக்கு வரவேண்டிய கோபமா அது? தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"கேதீஸ், ஓவர்டேக் பண்ணு!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புருஷனை அந்த இடத்தில் அவள் எதிர்பார்க்கவில்லை. ஏலாது என்று தலையை ஆட்டினாள்.

"அது வேல் இல்ல. வெறும் கொடி. போ நீ."

பாகற்காய் அம்மா மூட்டையில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். சுபாகரனுக்கு அப்போதுதான் இந்த அக்கா ஏன் தன்னை விட்டுப் போகவில்லை என்று அரைகுறையாக விளங்கியது. பாவம், நல்ல பிள்ளை. கொடியைச் சாய்த்து மடியோடு அணைத்துக்கொண்டு றோட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான்.

கேதீஸ்வரி அவனைப் பார்த்து, மன்னிச்சுக்கொள்ளுங்க சாமி என்றாள். பிறகு தாண்டினாள்.

தாண்டிய பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை உதயரூபன் தன் வாழ்நாளில் கண்டதில்லை. பக்கீர் ஏதோ சொன்னார், அது அவர் காதில் ஏறவில்லை. பொலிஸ்காரர் கையை இறக்கி, போ போ என்று காட்டி, பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் அவர் கியரைப் போட்டார்.

* * *

முடிவுக் கோட்டில் விதுர்ஷா போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். மஞ்சள் கொடிக்குப் பின்னால் புறப்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் கொடியைக் காணவில்லை. ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டபோது, கொடிக்காரருக்குக் கால் பிடித்துக்கொண்டதாகவும், ஒரு அக்கா மட்டும் அவருக்குப் பின்னாலேயே வந்ததாகவும் சொன்னாள். தாண்டிப் போயிராதீங்க என்று ஐந்து தடவை சொன்னது யார்?

அறுபத்துமூன்று நிமிடம். அறுபத்துநான்கு. வளைவில் தாய் தனியாக வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, வாய் திறந்து, கையை வீசிக்கொண்டு, முன்னால் போன மூன்று ஆண்களைப் பிடித்துத் தாண்டிக்கொண்டு வந்தாள். விதுர்ஷா அழுதுகொண்டே கத்தினாள்.

கோட்டைத் தாண்டியபோது பெரிய கடிகாரத்தில் அறுபத்தைந்து நிமிடம் இருபத்திரண்டு செக்கன்.

இருபத்திரண்டு செக்கன். ஒரு வாளித் தண்ணீர் அள்ளுகிற நேரம்.

கேதீஸ்வரி புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். விதுர்ஷா கட்டிப்பிடித்துக்கொண்டு, என்ட பிழைதான் அம்மா, என்ட பிழைதான் என்று அழுதாள். தாய் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண் இரண்டும் விரிந்திருந்தது.

"பின்பாதிய எத்தின நிமிசத்தில வந்திருக்கன், பாரு," என்றாள்.

அதுவா இப்ப முக்கியம் என்று மகள் கோபித்தாள். ஆனாலும் கணக்குப் பார்த்துச் சொன்னாள். முப்பது நிமிடம் இருபத்திரண்டு செக்கன். பதினொரு மாதத்தில் அவள் ஓடிய ஆக வேகமான ஐந்து கிலோமீற்றர். கேதீஸ்வரி அதைக் கேட்டு, சரி என்று தலையாட்டி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஏற்பாட்டாளர்களில் ஒருவரான தக்ஷாயினி என்பவர் நடந்ததை விசாரித்துக்கொண்டு வந்தார். கொடிக்காரருக்கு நேர்ந்தது தங்கள் பக்கத்துத் தவறு என்றார். விதிப்படி நேரம் நேரம்தான், ஆனாலும் குழுவில் பேசிப் பார்க்கிறேன், செவ்வாய்க்கிழமை பின்னேரம் போன் பண்ணுகிறேன் என்று விதுர்ஷாவின் நம்பரை எழுதிக்கொண்டு போனார். விதுர்ஷாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கேதீஸ்வரி அவிழ்ந்த தலைமுடியை அள்ளி முடிந்தாள். அவள் பந்தயம் கட்டியது குழுவோடு அல்லவே.

* * *

எட்டு இருபதுக்குக் கல்முனை திரும்புகிற பஸ்ஸில் தாயும் மகளும் ஏறினார்கள். உதயரூபன் கண்ணாடியில் பார்த்தார். பக்கீர்தான் மகளிடம் விசாரித்து, முன்னால் போய்க் குனிந்து, இருபத்திரண்டு செக்கன் அண்ணே என்றார்.

ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தாலும் ஹோர்ன் அடிக்கிற மனிசன், தேற்றாத்தீவு வரைக்கும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வென்றவர் முகத்தில் இருக்க வேண்டிய எதுவும் அவர் முகத்தில் இல்லை என்று பக்கீர் பிறகு எனக்குச் சொன்னார்.

தேற்றாத்தீவில் இருவரும் இறங்கி வீட்டுக்குப் போகிற ஒழுங்கைப் பக்கம் திரும்பினார்கள். உதயரூபன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, தானும் இறங்கினார். பாதி வழியில் இருக்கையை விட்டு அவர் இறங்கியதை அந்த றோட்டில் ஒருவரும் கண்டதில்லை.

"கேதீஸ், நில்லு."

அவள் நின்றாள்.

பொலிஸ் மறித்த பஸ்ஸுக்கு டிப்போவில் சுணக்கம் எழுதுவதில்லை என்று அவர் தொடங்கினார். அப்படித்தான் இதுவும். இன்றைய ஓட்டத்தைப் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம், அடுத்த ஓட்டத்துக்குப் பார்த்துக்கொள்வோம் என்றார். இதைச் சொல்லக் கல்லடியிலிருந்து இருபத்தைந்து நிமிடம் அவர் வசனம் தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னை ஆரும் மறிக்கல்ல," என்றாள் கேதீஸ்வரி. "நானாத்தான் பின்னால நிண்டன். சொன்ன நேரத்துக்கு வரல்ல. நாளையில இருந்து ஓட மாட்டன்."

விதுர்ஷா, உங்களுக்கென்ன விசரா என்று தாயைக் கேட்டாள். பஸ்ஸின் இடப்பக்க ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலை முளைத்திருந்தது.

உதயரூபன் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இத மட்டும் சொல்லு. நீ ஏன் ஓடினாய்?"

கவனித்தீர்களா? ஏன் எனக்கு இப்படிச் செய்கிறாய் என்று அவர் பதினொரு மாதமாகக் கேட்டிருக்கிறார். ஊருக்கு நான் என்ன சொல்ல என்று கேட்டிருக்கிறார். நீ ஏன் ஓடுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததற்கு யார் பதில் சொல்வார்கள்?

கேதீஸ்வரி மகளைப் பார்த்தாள், ஜன்னல்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருசம் கதிர்காமம் போகக்குள்ள குமுக்கன் ஆத்தத் தாண்டினாப் பிறகு என்ட கால் வேலுக்கு முன்னால கெதியாப் போகப் பாத்திச்சு. பதின்மூண்டு நாள் நடந்த கால். களைச்சிருக்கோணும்தானே? களைக்கல்ல. பாவம் எண்டு இழுத்துப் பிடிச்சன். ஆருக்கும் சொல்லவும் பயம். அண்டைக்கிருந்து இதுதான் நினைப்பு. இந்தக் காலுக்கு எவ்வளவு ஏலும் எண்டு எனக்கே தெரியாது. அதப் பாக்கத்தான் ஓடினன்."

பதினான்கு வாரமாக நீங்களும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். எனக்கும் இப்போதுதான் தெரிந்தது.

"இப்ப தெரிஞ்சிற்றா?" என்று கேட்டார் உதயரூபன்.

"பாதி தெரிஞ்சிற்று. பின்பாதி. மற்றது தெரியாது."

அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். பிரேக் பிடிக்காமல் பத்தையும் ஓடியிருந்தால் எத்தனை? அறுபத்தொன்றா? அறுபதா? அதற்கும் குறைவா? இருபத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு இந்தக் கணக்கு வரவில்லை. பதில் அவள் காலில் இருந்தது. அதை நிறுத்தச் சொன்னவர் அவர்தான்.

"எனக்கும் தெரியோணும் போல இரிக்கு," என்றார்.

"அதுக்கு நான் என்ன செய்யிற? ஓடட்டா எண்டு நான் உங்களக் கேக்க மாட்டன். தோத்தது நான்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது. பஸ்ஸுக்குள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு இந்தக் கதை கல்முனையில் தேத்தண்ணிக்கடை வரைக்கும் போகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவர் சொன்னார்.

"நான் கேக்கிறன் கேதீஸ். நீ ஓடு."

விதுர்ஷா தாயின் முகத்தைப் பார்த்தாள். பக்கீர் மிதிபலகையில் நின்றபடி மணிக் கயிற்றைத் தொடாமல் காத்திருந்தார். கேதீஸ்வரி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். ஓமென்றால் ஓம், இல்லையென்றால் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிற மனிசி அவள்.

"யோசிச்சுச் சொல்றன்," என்றாள்.

திரும்பி ஒழுங்கைக்குள் நடக்கத் தொடங்கினாள்.

உதயரூபன் றோட்டில் நின்றார். இருபத்திரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் நேரம் கேட்டுப் பழகிய வாய் அது.

"எத்தின மணிக்குச் சொல்லுவாய்?" என்று பின்னாலேயே கேட்டார்.

அவள் நேரம் சொல்லவில்லை.